நாலு கண்ணி

வலை கிழிவது பந்தால் மட்டுமில்லை.
மிடாலத்தில், வீட்டின் பின்புறம்,
கடலுக்கு முந்நூறு அடி இந்தப் பக்கம்,
கிழிக்க வருகிறவர்களின் வரிசை நீளம்:
முதலில் வெயில், அப்புறம் உப்பு,
துருவேறிய இரும்புக் குழாய்,
அணில், முருங்கைக் கொம்பு, பக்கத்து வீட்டுச் சேவல்.
கடைசியில்தான் நான்,
ஏழாம் எண் மட்டையோடு.

மஸ்கட்டில் பதினாலு வருஷம் நர்ஸ் வேலை.
வியாழன் சாயங்காலம் டாக்டர்கள் கோல்ஃப் ஆடப் போவார்கள்.
ஆள் குறைந்த ஒரு நாள்
என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.
ஊர் திரும்பும்போது தங்கம் கொஞ்சம்,
மிக்சி ஒன்று, இந்த வலை.
கஸ்டம்ஸ்காரர் பிரித்துப் பார்த்து
மீன் பிடிக்கவா என்றார்.
ஊர்ப் பேரைச் சொன்னேன். நம்பிவிட்டார்.

வந்த இரண்டாம் மாசமே ஓரிடத்தில் நூல் பஞ்சடித்தது.
இடுப்பு உயரம், நடுவிலிருந்து ஒரு சாண் இடது.
எனக்கு உள்ளூரப் பெருமை.
கற்றுக்குட்டியின் வலை எங்கும் ஒரேபோலத் தேயும்;
கை படிந்தவளின் வலைதான்
ஒரே இடத்தில் சாகும்.
ஆகவே வாரம் ஒருமுறை
ஒரு முழம் நகர்த்திக் கட்டினேன்,
படுத்தே கிடக்கும் நோயாளியைப்
புண் வராமல் புரட்டிப் போடுவதுபோல.

குழாய்க்குச் சைக்கிள் டியூப் சுற்றினேன்.
பந்துகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்;
மணல் ஒட்டிய பந்து ஓர் அரம்.
அடி விழும் இடத்துக்கு முன்னால்
பழைய ஜமுக்காளம் ஒன்றைத் தொங்கவிட்டேன்.
என் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்தது,
திருப்பித் தர மறந்தது.

பெல்லார்மின் மதில்மேல் கையூன்றிப் பார்த்தான்.
முப்பது நாள் ஆழ்கடலில் கிடந்துவிட்டு
முந்தாநாள் கரையேறியவன்.
"எதுக்கு இப்பிடி முறுக்கிக் கெட்டி வச்சிருக்கு?
வலைக்கு வீம்பு ஆகாது கேட்டியளா.
தளத்தி விடுங்க.
பந்து தானே களைச்சு விழும்."

தளர்த்தினேன். சத்தம் மாறியது.
முன்பு கன்னத்தில் அறை,
இப்போது தலையணையைத் தட்டுகிற மாதிரி.
மாடியில் பரீட்சைக்குப் படிக்கும் மகன்
முதல்முறையாக ஜன்னலைத் திறந்துவைத்தான்.

இடவப்பாதி நெருங்கியது. ஜமுக்காளம் நனைந்து கனக்க,
கழற்றிப் போட்டேன்.
வலையை ராத்திரிதோறும் அவிழ்த்து
அரிசி டிரம்மில் மடித்துவைப்பேன்.
ஒரே ஒரு நாள், கருங்கல் லேபில் கணக்கு முடிய
ஒன்பதரை ஆகி, அலுப்பில் அப்படியே விட்டேன்.

விடிந்து பார்த்தால் வலையில் ஒரு வௌவால்.
யாரோ பாதி மடக்கிப் போட்ட குடை.
இறக்கை நகம் ஒரு கண்ணியில்,
கழுத்து ஒரு கண்ணியில்,
நூல் தோலுக்குள் இறங்கியிருந்தது.
சத்தம் போடவில்லை அது.
பல்லை மட்டும் காட்டியது.

ரப்பர் கையுறை, தடித்த துண்டு,
பேண்டேஜ் வெட்டும் கத்தரி.
பதினோரு மாசம்
வெயிலுக்குத் தராத, உப்புக்குத் தராத,
சேவலுக்குத் தராத வலையில்
நாலே வெட்டு.
யோசிக்கவில்லை. யோசித்ததெல்லாம் பிறகு.

அது முருங்கையில் தலைகீழாகத் தொங்கி
மத்தியானம்வரை என்னைப் பார்த்தது, அல்லது பார்க்கவில்லை.
இருட்டியதும் இல்லை.

கிழிசலைத் தைத்தேன். ஆபரேஷன் தியேட்டர் முடிச்சு.
பெல்லார்மின் விரலால் சுண்டிப் பார்த்தான்.
"மனுசனுக்கு இது நிக்கும். நைலானுக்கு வழுக்கும்."
தான் வந்து போட்டுத் தருவதாகச் சொன்னான்.
மறுநாள் விடியலில் அவன் படகு கிளம்பிவிட்டது.

செவ்வாய்க்கிழமை முடிச்சு வழுக்கியது.
அன்று அடித்த மூன்றாம் பந்து
வலையைத் தொடாமல், நூல்கூட அசையாமல்,
அந்த நாலு கண்ணி வாசலில் நுழைந்து
மதில் தாண்டி
அவர்கள் வீட்டு மட்டிக் குலையில் விழுந்தது.

மஸ்கட்டில் இத்தனை வருஷத்தில்
ஒரே அடியில் ஒரு குழிகூடப் பார்த்ததில்லை நான்.

அவன் மனைவி லில்லிபாய் பந்தோடு வந்தாள்.
பழம் ரெண்டு நசுங்கிப்போச்சு என்றாள்.
பிறகு வலையிடம் போய், ஓட்டையில் கைவிட்டு,
நூல் முனைகளைப் பார்த்தாள்.
"இது தேஞ்சது இல்லையே, வெட்டுனதுல்லா?"

ஆமா என்றேன்.
பந்தில் பழ வாசம்.
கழுவவில்லை இன்னும்.