பலகைக்கு அந்தப் பக்கம்

சின்னப்பன் இடது கையைத் துணியில் சுற்றிக்கொண்டு
முதல் ஆளாய் வந்து உட்கார்ந்துவிட்டார்.
சொக்சோ பாரம். இன்றோடு கடைசி என்று
மில் ஆபீசில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.
அடையாள அட்டையை வாங்கிப் பார்க்கிறேன்.
பெயரில் ஓர் எழுத்து குறைகிறது,
பிறப்புப் பத்திரம் எழுதிய நாளிலிருந்து குறைகிறது.
அந்தக் குறையோடுதான் அடிக்க வேண்டும்.

அடிக்கிறேன்.
ஒன்றும் விழவில்லை.

கர்சர் மட்டும் கண்ணைச் சிமிட்டுகிறது,
கடன் வாங்கியவன் எதிரே வந்தால்
ஆளைத் தெரியாததுபோல் சிமிட்டுவானே, அப்படி.

சிலிம் ரிவர் கடைவரிசையை உலுக்கிக்கொண்டு
செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகிறது.
நேற்று ராத்திரி கடைக்குள் வந்த தண்ணீர்
நாற்காலிக் கால்களில் சேற்று வளையம் போட்டிருக்கிறது.
ஈரம் இறங்கியிருக்குமோ?
கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டுகிறேன்.
முறுக்குத் தூள், ஒரு ஸ்டேப்ளர் முள்,
யாருடையதோ ஒரு நகம்.
அடியில் இருக்கும் சுவிட்சை அணைத்துப் போடுகிறேன்.
பின்பக்கம் செருகியிருந்த ரிசீவரை,
சுண்டுவிரல் நகமளவு கறுப்புப் பூச்சியை,
பிடுங்கி முன்பக்கத் துளையில் குத்துகிறேன்.
திரையில் ஒன்றுமில்லை.
நாலு கெட்ட வார்த்தை அடித்தேன், சத்தமில்லாமல்.
அதுவும் விழவில்லை.

"பேட்டரியைக் கொஞ்சம் வெயில்ல வைம்மா,
டார்ச் லைட்டுக்கு நாங்க அப்படித்தான் செய்வோம்."
பெரியவர் பேச்சைத் தட்டவில்லை.
இரண்டையும் கழற்றி
ஐந்தடியில் விழுந்த வெயிலில் நிறுத்திவிட்டு வருகிறேன்.

அப்போது விழுந்தது ஓர் எழுத்து.
டி.
பிறகு இ. எஸ். டி.
பேட்டரி இல்லாத கீபோர்டு
என் கைக்கு எட்டாத தூரத்தில் கிடக்கிறது.
பெயர்க் கட்டத்துக்குள் test என்று நிற்கிறது.

"கையே இல்லாம அடிக்குதே," என்றார் சின்னப்பன்,
துணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே.

அடுத்து வந்தது aiyyo.

ஐயோவுக்கு இரண்டு ஒய் போடுகிற ஆள்
இந்த ஊரில் ஒருத்திதான்.

புஷ்பவேணி.
இந்தப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.
லேமினேட் மெஷின் யாருக்கு என்று தொடங்கி
எட்டு மாதமாய்ப் பேச்சில்லை.
பலகைச் செலவு ஆளுக்குப் பாதி.
கடைப் பையன் ஜோஷுவாவின் சம்பளமும் ஆளுக்குப் பாதி.
ஈப்போவில் சேர்ந்துபோய் வாங்கிய கீபோர்டு,
ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.
இரண்டில் எது இலவசம் என்பது
கடைசிவரை தீரவில்லை.

ராத்திரித் தண்ணீரில் இரண்டு பக்கச் சாமானையும்
மேசைமேல் ஏற்றியவன் ஜோஷுவா.
காலையில் இறக்கி வைத்தவனும் அவனே.
அவன் கண்ணுக்கு இரண்டு பூச்சியும் ஒரே பூச்சி.

அப்படியென்றால் என் நாலு வார்த்தையும்
எங்கே போய் விழுந்திருக்கும்?

வெயிலுக்குப் போய் பேட்டரியை எடுத்துவந்தேன்.
சுடச்சுட உள்ளே போட்டேன்.
கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.
கூப்பிடவில்லை, அடித்தேன்:
un poochi en kitta.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம்.
பிறகு, தண்ணீர் நுழைந்த அதே இடுக்கில்
காய்ந்த சேற்றைக் கீறிக்கொண்டு
அது தள்ளப்பட்டு வந்தது.
நானும் ஒன்றைத் தள்ளினேன்.
விரல்கள் படவில்லை.

பாவாடையில் துடைத்துச் செருகினேன்.
test போனது, aiyyo போனது,
ஓர் எழுத்து குறைந்த சின்னப்பன் விழுந்தார்,
அவர் அப்பா விழுந்தார்,
எந்த விரல், எத்தனை மணிக்கு,
எல்லாம் மலாயில் வரிசையாய் விழுந்தன.

"எவ்வளவும்மா?"
"மூணு ரிங்கிட்."
ஐம்பது நோட்டை நீட்டுகிறார்.
கல்லாவில் சில்லறை இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள்
நல்ல கையின் முட்டியால்
பலகையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டார்:
"தங்கச்சி, அங்க சில்லறை இருக்குமா?"