எழுபது லிட்டர்

எங்கள் வீட்டின் அளவு எழுபது லிட்டர்.
சதுர அடியில் கேட்டுப் பழகியவர்கள்
கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய டெம்போ டிராவலர்.
பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வண்டி.
இருக்கைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு
ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு தொட்டி வைத்தோம்.
ஜன்னலோரத் தகரத்தில் யாரோ காம்பஸ் முனையால் கீறிய
'ரக்‌ஷித் கழுதை' மட்டும் அப்படியே இருக்கிறது.
பெயின்ட் அடிக்க அருமைநாயகம் விடவில்லை.
நமக்கு முன்னால் குடியிருந்தவன், இருக்கட்டும் என்றார்.

முன்னூற்றுப் பதினோரு இரவுகள்.
கபினி நீர்த்தேக்கத்தோரம் கூடார முகாம்;
சீசன் இல்லாத மாதம்,
தவளைகளை விட்டால் நாங்கள்தான் வாடகைக்கு.
தலைக்காட்டு மணலில் பின்சக்கரம் புதைந்து
கரும்பு டிராக்டர் வந்து இழுத்தது.
பவானியில் கற்பூரமும் டீசலும் கலந்த காற்று.
கொடுமுடியில் பரிசல்கள் கவிழ்ந்து கிடந்த கரையில்
மூன்று நாள் நின்றோம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
நாலாம் நாள் ஒருவர் கேட்டார்:
சாப்பிட்டாச்சா?

எழுபது லிட்டர் நாலு நாள் வரும்.
தட்டைத் துடைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும்.
பல் தேய்க்க ஒரு டம்ளர்.
தலைக்குக் குளிக்க ஆறு;
ஆறில்லாத ஊரில் ஞாயிற்றுக்கிழமை.
சண்டைகூடச் சிறுத்துவிட்டது:
கதவை அறைந்து சாத்தினால்
வீடே ஆடும், சிரிப்பு வந்துவிடும்.

பங்குனியில் பெங்களூருக்கு ஏறி வந்தோம்.
எஃப்.சி. காட்ட வேண்டும்.
சிவாஜிநகரில் நயாஸ் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு
வீட்டுக்கு கிளட்ச் போயிடுச்சு என்றான்.
சரிசெய்து எடுத்துக்கொண்டு அன்று மாலை
ராச்சேனஹள்ளி ஏரிப் பக்கம் ஒதுக்கினால்
காவலர் முனிவெங்கடப்பா டார்ச் அடித்தார்.
ராத்திரி இல்லி நில்லிசபாரது.
ஏரி கம்பிவேலிக்குள் இருந்தது.
இருட்டினால் அதைப் பூட்டிவிடுவார்களாம்.
ஏரியையா?
சாவியைக் காட்டினார்.

அப்போதுதான் சுபர்ணாவின் போன்.
ஹோரமாவில் எங்கள் ஃபிளாட்டை வாங்கியவள்.
எங்களுக்கு வரும் தபாலை எடுத்து வைப்பவள்.
போர் வற்றி மூன்று நாளாகிறதாம்,
டேங்கர் இன்றைக்கும் வரவில்லையாம்.
கேட்கவே கூச்சமாக இருக்கிறது ஆன்ட்டி,
உங்கள் வண்டியில் கொஞ்சம் இருக்குமா?

முள் ஐம்பதில் நின்றது.
திரும்பும் வழியில் ஒகேனக்கல்லில்
வேட்டியை நாலாக மடித்து வடிகட்டி நிரப்பியது.

பதினோரு வருடம் எங்கள் கேட்டாக இருந்த கேட்டில்
செக்யூரிட்டி நோட்டை நீட்டினான்.
எங்கிருந்து? 'ஆறு' என்று எழுதி அடித்துவிட்டு
'ஒகேனக்கல்' என்று எழுதினார் அருமைநாயகம்.
காரணம்?
'டெலிவரி.'

வாளி வந்தது. ஜிம் பாட்டில் வந்தது.
இரண்டாம் மாடி பிசியோதெரபிஸ்ட்
கையில் அகப்பட்ட பிரஷர் குக்கரோடு இறங்கினாள்.
சின்னக் குழாய், மெதுவாகத்தான் விழும்;
வரிசையில் நின்றவர்கள் முதலில் பொறுமையிழந்து
பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

இது எந்த டேங்கர் என்றாள் சுபர்ணாவின் மகள்.
காவேரி என்றேன்.
அவள் என்னைத் திருத்தினாள்:
எங்க பில்டிங்குக்குக் காவேரி கனெக்‌ஷன் கிடையாதே.

மேலே வந்து படுங்கள் என்றார்கள்.
போகவில்லை.
ஒரு ஃபிளஷுக்கு எங்களுக்கு ஒரு நாள் போய்விடும்
என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்ல?
விருந்தினர் பார்க்கிங்கில் தூங்கினோம்.
தொட்டி காலியானதால்
வண்டி ஸ்பிரிங்கில் ஒரு விரல் உயர்ந்து நின்றது.
புரண்டால் வழக்கத்தைவிட அதிகமாக ஆடியது.

காலையில் முகம் கழுவ நீரில்லை.
சுபர்ணா இரண்டு டம்ளர் டீ கொடுத்தனுப்பினாள்.
எங்கள் தண்ணீர்தான். இஞ்சி தூக்கலாக.
அருமைநாயகம் ஒரு வாய் குடித்துவிட்டு
ஒகேனக்கல்லில் இவ்வளவு சர்க்கரை கிடையாது என்றார்,
சாவியைத் திருப்பினார்.