கேள்வி எண் பதினேழு

கடந்த ஏழு நாளில்
எத்தனை லிட்டர் பெட்ரோல் எரித்தீர்கள்
என்று கேட்டேன்.

எபியெரே கத்தியை நிறுத்தவில்லை.
உறைந்த கானாங்கெளுத்திப் பாளத்தின் முதுகில்
இரண்டு தட்டு, ஒரு நெம்பு,
பாளம் இரண்டாகப் பிளந்தது.
"லிட்டர் கணக்கெல்லாம் தெரியாது தம்பி.
மூன்று பெட்டி மீன் கெடாமலிருக்கும் அளவு.
சில நாள்
இரண்டரைப் பெட்டி."

படிவத்தில் லிட்டருக்குத்தான் கட்டம்.

அஜெகுன்லே. மழை விட்ட மத்தியானம்.
லாகோஸில் பாதிப்பேர்
அவரவர் மின்சாரத்தை
அவரவரே கயிறிழுத்து எழுப்பும் நேரம்.
தையல்கடைக்கு ஒன்று, முடிதிருத்தகத்துக்கு ஒன்று,
தேவாலயத்துக்கு மட்டும் பெரிதாக ஒன்று.
தொண்டை கட்டிய பின்னும் விடாமல் குரைக்கும் நாய்களைப் போல
ஜெனரேட்டர்கள்.
அவளுடையது வாசலில்
சிமெண்ட் கற்களின் மேல் நிற்கிறது.
முதல் வெள்ளத்துக்கு ஒரு கல் வைத்தாளாம்.
அடுத்த வருஷம் இன்னொன்று.
இப்போது நான்கு.
மேல் கல்லில் மட்டும் இன்னும் பாசி ஏறவில்லை.

பிறந்த ஊரை நான்காவது கேள்வியிலேயே கேட்டிருந்தேன்.
டெல்டாவில் ஒரு கழிமுகக் கிராமம்.
எண்ணெய்க் கிணற்றோடு வந்த வாயு
யாருக்கும் வேண்டாமென்று
கம்பத்து உச்சியில் எரிந்துகொண்டே இருக்கும்,
அவள் பிறப்பதற்கு முன்பிருந்து, இரவும் பகலும்.
அதன் அனலில் மரவள்ளி உலர்த்தினார்கள்.
அதன் வெளிச்சத்தில்தான் எழுத்துக் கூட்டினாளாம்.
"இருட்டு என்றால் என்னவென்று
லாகோஸ் வந்துதான் தெரிந்துகொண்டேன்.
அங்கே சும்மா எரிந்ததை
இங்கே காசு கொடுத்து வாங்கி எரிக்கிறேன்."
நான் எழுதிக்கொண்டது:
பிறப்பிடம், பயெல்சா.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
வானத்தில் போட்டதை
இப்போதுதான் அளக்க வந்திருக்கிறோம்,
மீன் கடையிலிருந்து தொடங்கி.

அப்போது வந்தது.
முதலில் எதிர்வீட்டுக் குண்டு பல்பு.
பிறகு தெரு முழுவதும் ஒரே தொண்டையாக
"அப் நேப்பா!"
அந்த வாரியத்தின் பெயர் மாறி எத்தனையோ வருஷமாகிறது,
கூச்சல் மாறவில்லை.
எபியெரே கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.
ஜெனரேட்டர் இருமி அடங்கியது.
அந்த அமைதியில்
மூன்றாவது வீட்டில் யாரோ தும்மியது கேட்டது.
தெருவே இஸ்திரி போட்டது, மாவரைத்தது, தண்ணீர் ஏற்றியது.
நீள ஒயர் ஒன்றில் ஒன்பது போன்கள்
பன்றிக்குட்டிகள் போல முட்டிக்கொண்டு குடித்தன.
பத்தாவதாக ஒரு இடம் கேட்டேன்.
கொடுத்தாள்.

பதினொரு நிமிஷம்.

போனபோது யாரும் கத்தவில்லை.
கயிற்றை இழுத்தாள். மூன்றாம் இழுப்பில் உயிர் வந்து
நீலப் புகை என் சட்டைக்குள் ஏறியது.

"உங்கள் ஆபீசில் ஏசி எத்தனையில் வைப்பீர்கள்?"
பதினெட்டு, என்றேன்.
மூன்று மணிக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வோம் என்றும் சொன்னேன்.
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
அவள் உறைபெட்டியைத் திறந்து
அடியில் கைவிட்டுத் துழாவினாள்.
"பதினெட்டில் வைத்தால்
என் மீன் மறுபடி செத்துப்போகும்."

அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை.
எதிரில் நின்று தலைகீழாகவே வாசித்துவிட்டாள்:
பயன்பாட்டைக் குறைக்க விருப்பமா?
ஆம், இல்லை.
"எதை?" என்றாள்.
கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள்.
சுற்றிலும் பார்த்தாள்,
ஒரு பல்பு, ஒரு பெட்டி, கூரையில் ஓடாத விசிறி.

ஆமுக்கும் இல்லைக்கும் நடுவே
அவள் விரலிலிருந்து
ஒரு செதில் ஒட்டிக்கொண்டது.

பதினேழுக்கு மூன்று பெட்டி என்று எழுதி
அனுப்பிவைத்தேன்.
திங்கட்கிழமை திரும்பி வந்தது.
சிவப்பில் வட்டம்: அலகு தவறு.
செதிலை மட்டும்
யாரோ கவனமாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.