ஆறெழுத்து

முதலில் நழுவியது ஸ்ட்ரைக்கர்.
செரியன் நகர் கேரம் கிளப்பில்
தொங்கும் பல்பின் வட்ட வெளிச்சத்தில்
தேசிங்கின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
ஒரு சிட்டிகைச் சதை வற்றியிருந்தது.
"பவுடர் ஈரமா கீது" என்றான்.
"போர்டு இயுக்குது" என்றான்.
ஆறு மாதம் போர்டைத் திட்டினான்.

ஸ்டான்லியில் ஊசி குத்தி
தசையின் சத்தத்தை ஸ்பீக்கரில் கேட்டார்கள்.
தகரத்தில் மழை தொடங்குகிற மாதிரி இருந்தது.
பிறகு டாக்டரம்மா
அப்பாவைப் பற்றிக் கேட்டார்.

அப்பாவுக்கு என்ன?
கை கால் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது.
ஐம்பத்திரண்டு வயதில்
சாவு வீட்டில் சிரித்தார்.
பந்தியில் பக்கத்து இலை வடையை எடுத்துத் தின்றார்.
கல்மண்டபம் சிக்னலில் சட்டையில்லாமல் நின்று
"வண்டி வருது ஓரம் போ" என்றார்.
வண்டி வராதபோதும்.
தூக்கத்திலும்.
அம்மா அழுதால் அம்மாவிடமும்
"வண்டி வருது ஓரம் போ."
குடி என்றோம் நாங்கள்.
ஏவல் என்றது தெரு.
உள்ளே வைத்துப் பூட்டினோம்.
கரண்டிக் காம்பால் ஒருமுறை
நானே அவரை அடித்திருக்கிறேன்.
அதை மட்டும் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.

இரண்டுக்கும் ஒரே வேர், என்றார் அவர்.
அப்பாவுக்கு நெற்றிக்குப் பின்னால்,
மகனுக்கு முதுகுத்தண்டில்.
ஆறெழுத்தில் ஒரு சொல்லாம்.
எல்லோர் உடம்பிலும் சில தடவை எழுதியிருக்குமாம்.
எங்கள் வீட்டில் மட்டும்
கை எடுக்காமல் எழுதிக்கொண்டே போயிருக்கிறது யாரோ,
நூறு, எழுநூறு, ஆயிரம் தடவை.

"ஆறெயுத்தா?" என்றாள் அம்மா.
"நல்லதாச்சே.
கந்தகோட்டத்துல அத்தத்தான நாப்பது வருசமா
சொல்லிகினு கீறேன்."
டாக்டரம்மா சிரிக்கவில்லை.
அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

மீதியை எனக்கு விளக்கியது தேசிங்குதான்,
பஸ்ஸில், என் தோளில் சாய்ந்தபடி:
"அந்தப் புரோட்டீனுக்கு உள்ளதான் வேல.
வெளிய வந்துட்டு
திரும்பிப் போவ மாட்டேங்குது.
ஒன்னு பின்னால ஒன்னு ஒட்டிகினு நின்னுடுது.
உள்ள வேலயும் கெட்டுது,
வெளிய வயியும் அடச்சிகிது.
எண்ணூர் ரோட்டுல ட்ரெய்லர் நிக்கல?
அந்த மாரி."
பதினேழு வருடம் அந்த வரிசையில்
ஸ்டீயரிங் மேல் தலை வைத்துத் தூங்கியவன்.
'ட்ரெய்லர்' அவன் நாக்கில் மூன்று முறை புரண்டது.
முதல் முறையே எனக்குப் புரிந்துவிட்டது.
மூன்றாவது வரை காத்திருந்தேன்.

எனக்கும் பாதிக்குப் பாதி.
ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும்.
டெஸ்ட் எழுதிய சீட்டு
ஐஸ் கம்பெனிக் கணக்கு நோட்டில் இருக்கிறது,
பார்களின் எண்ணிக்கைக்கும் பாக்கிக்கும் நடுவே.
நேற்று மகளிடம் "கேட்டைச் சாத்து" என்றேன்.
"இப்பத்தானமா சொன்ன" என்றாள்.
இப்போதுதான் சொன்னேனா?
இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன்
அன்று என்னென்ன இரண்டு முறை சொன்னேன் என்று.

இப்போது போர்டு வீட்டுக்கு வந்துவிட்டது.
கட்டிலருகே இரண்டு தண்ணீர் கேன்கள்மேல் நிற்கிறது.
தேசிங்கு கண்ணால் காட்டுவான்.
நான் சுண்ட வேண்டும்.
மூலைக் கறுப்பு, என்கிறது கண்.
இல்லை, ரெட்டைத் தொடாதே, என்கிறது.
ரெட்டைத் தொட்டேன்.
ஸ்ட்ரைக்கர் எகிறிப் போய்
அம்மாவின் கஞ்சிக் கிண்ணத்தில் விழுந்தது.

சிரித்தான்.
நிற்கவில்லை அந்தச் சிரிப்பு.
முகம் வலித்து, கண்ணில் நீர் வழிந்து,
நிறுத்த நினைத்தும் முடியாமல்
அவனைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தது.
இந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.
சாவு வீட்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இது.
அன்று அம்மா முந்தானையால் அப்பாவின் வாயைப் பொத்தினாள்.

இன்று யாரும் பொத்தவில்லை.
அம்மா கஞ்சிக்குள் விரல் விட்டு ஸ்ட்ரைக்கரை எடுத்தாள்,
கழுவினாள்,
புடவையில் துடைத்துத் துடைத்து
அது தீரும்வரை நின்றாள்.

பிறகு அவன் கண்
மெல்ல நகர்ந்து
அடுத்த காயினைக் காட்டியது.