கீழ்க்கணக்கு

ஒரு கட்டம் அரை மீட்டர்.
குந்தியிருக்கும் ஆள் ஒரு கட்டம்,
குடை விரித்தால் நான்கு.
பெப்ரவரி ஒன்பது, காலை பத்து இருபது:
அந்த ஆண்டில் மலைக்கு மேல்
முகில் விலகி நின்ற ஒரே காலை.
அதைத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

என் வேலை சிவப்பு பூசுவது.
கட்டடம் செறிந்த இடம் என்று மென்பொருள் சொன்னால்
ஆமென்று விடவேண்டும், அல்லது அழிக்கவேண்டும்.
ஆறு மாத ஒப்பந்தம்.
நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டாம் மாடி,
ஹீட்டர் ஒன்று, ஆட்கள் ஐந்து.

அதற்குத் தெரிந்தது மூலைகள்.
ஒரு நேர்கோடு இன்னொன்றை முட்டித் திரும்பும் இடம்.
காட்டுக்கு மூலையில்லை, ஆற்றுக்கு இல்லவே இல்லை,
மனிதன்தான் மூலை வைப்பான் என்று
யாரோ சமவெளிக்காரர் எழுதிய சூத்திரம்.
பெரும்பாலும் சரிதான்.
ஹட்டனைப் பிடித்தது. தலவாக்கலையைப் பிடித்தது,
சந்தைக் கூரை, பள்ளிவாசல், கோவில் மண்டபம்,
வரிசையில் நின்ற லொறிகள் உட்பட.
கந்தப்பளையில் மட்டும்
பொலித்தீன் கூடாரங்களை நகரமாக்கிவிட்டது:
குடைமிளகாய் குடியிருக்கும் முந்நூறு வீடு.
திலினி சிரித்துச் சிரித்து இருமினாள்.
ஒவ்வொன்றாக அழித்தேன்.

பதினான்காம் தாளில் ஆறு பட்டைகள்.
நீளம் அறுபது மீட்டர், அகலம் ஒன்பது.
நீண்டு ஒடுங்கியதெல்லாம் வீதி;
இது விதி ஏழு.
ஆறுக்கும் சாம்பல் பூசிவிட்டு நகர்ந்திருந்தது.
எங்கிருந்தும் புறப்படாமல்
எங்கும் போய்ச்சேராமல்
தேயிலைக்குள் ஒன்றின்கீழ் ஒன்றாக ஆறு வீதிகள்.

எனக்குப் பார்த்ததும் தெரிந்தது.
எனக்குத் தெரியும் என்பதற்குப்
படிவத்தில் இடமில்லை.

எனவே போனேன். கிரெய்க்லோ தோட்டம்,
கீழ்க்கணக்கு என்று பெயர்,
கணக்கில்தான் வரவில்லை.
பட்டைக்கு இருபத்து நான்கு காம்பரா.
ஆறால் பெருக்கிக்கொள்ளுங்கள்.
கூரைத் தகரம் துருவேறித் துருவேறி
பாதை மண்ணின் அதே நிறம்.

‘ஏழு பேர்ச் அளக்கவா?’ என்றார் லூர்தம்மாள்,
நான்காவது தடவையாக அளக்கப்படுகிறவரின் குரலில்.
இல்லை, படத்தில் இருக்கிறீர்களா என்று பார்க்க.
‘எந்தப் படத்துல?’
திரையைக் காட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்து
விரித்தார், சுருக்கினார், வாசலை விட்டார், கூரையை விட்டார்,
ஒரு கறுப்புப் புள்ளியில் விரல் நின்றது.
‘இந்தா, எங்க டயரு.’

காற்றுக் காலத்தில் தகரம் பறக்காமலிருக்க
ஏற்றி வைத்த வேன் டயர்.
அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஒரு கட்டம்.
பக்கத்தில் இன்னொன்று, அது அந்தோனி வீட்டுடையது.
அப்பால் மூன்று சேர்ந்தாற்போல்:
‘அவுகளுக்குப் பயம் ஜாஸ்தி.’

திரும்பிவந்து எழுதிக் கொடுத்தேன்:
பட்டையின்மேல் ஒழுங்கற்ற கறுப்புக் கட்டங்கள் இருந்தால்
அது வீதியல்ல.
வீதி பறந்துபோகும் என்று யாரும் டயர் வைப்பதில்லை.
கொழும்பிலிருந்து பதில் வந்தது, மரியாதையாக:
வீதியல்ல என்பதை ஏற்கிறோம்.
நகரமும் அல்ல.
‘ஏனையவை’யில் சேர்க்கவும்.

ஏனையவையில் பாறை இருக்கிறது,
வெட்டிவிட்ட யூக்கலிப்டஸ் காடு, காய்ந்த குளம்,
நிழல் என்று மட்டும் எழுதிய சில இடங்கள்.
சுட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.
பிறகு ஆறுக்கும் சிவப்பு பூசினேன்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.

நேற்று லூர்தம்மாள் போன் எடுத்தார்.
புதுத் தகரம் வந்துவிட்டதாம், ஆணி அடித்தாயிற்றாம்,
டயரையெல்லாம் இறக்கிவிட்டார்களாம்.
‘இனி எங்கள எப்புடிக் கண்டுபிடிப்பீங்க?
அடுத்த படம் எப்ப எடுப்பாங்க?’

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
பஸ் நிலையத்தையே காணவில்லை.