வாலிநோக்கம், நாற்பதடிக் கம்பம்

கம்பம் ஒன்று. ரேடியோ இரண்டு.
உப்பள ஆபீசைப் பார்த்தது வெள்ளைப் பிளாஸ்டிக்;
மீன் ஏலக்கூடத்தைப் பார்த்தது வார்ப்பு அலுமினியம்,
மும்மடங்கு விலை.
பில்லில் கையெழுத்திடுமுன்
ரெக்ஸ்லின் மேடம் பேனாவை ஒருதரம் மூடித் திறந்தார்.

வாடை வீசிய மாதங்களில்
இரண்டுக்கும் ஒரே வேகம்.
"எதுக்குப்பா இவ்வளவு காசு?"
பாத்தியைக் காட்டினேன்.
உப்புக்கு அவசரமில்லை மேடம்.

பங்குனியில் வெள்ளைப் பெட்டி மஞ்சளித்தது.
ஆனியில், மூடியோரம் மயிரிழை வெடிப்பு.
கச்சான் எழுந்ததும்
நெட் இருமத் தொடங்கியது.
கழற்றினேன்:
போர்டில் செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது.
விரலை நாக்கில் வைத்தேன்,
கரித்தது.

அலுமினியத்துக்குள் தூசிகூட இல்லை.
ரப்பர் வளையம் வாங்கிய அன்றுபோல் வழவழத்தது.
படமெடுத்து அனுப்பினேன்.
"சரிதான்."
அவ்வளவுதான் பதில்.

ஆவணியில் ஒரு விடியற்காலை
ஏலக்கூடத்தில் பில் போடமுடியவில்லை,
நண்டுக்கூடைகள் வரிசையில் காத்திருந்தன.
டார்ச்சோடு ஏறினேன்.

பெட்டி சாகவில்லை.
அதைப் பிடித்திருந்த போல்ட்,
ராமநாதபுரம் பஜாரில்
பன்னிரண்டு ரூபாய்க்கு நானே வாங்கியது,
தொட்டதும் செதில் செதிலாய் உதிர்ந்தது.
கேபிளில் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு
பச்சை விளக்கு மினுங்க
மணலுக்கு
முழு வேகத்தில் சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்தது
அது.