ஒருத்தர் இருக்கணும்

அலுவலகத்தில் என் வேலை ரசீது ஒட்டுவது.
ஆட்டோ வாடகை, ஜெராக்ஸ், ஆடிட்டருக்கு டீ.
தமிழ் தெரிந்த ஆள் கடைசி நேரத்தில் வரவில்லை என்று
நஸ்ரீன் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டாள்.
என்னுடையது அல்சூர்த் தமிழ்,
பாதி வழியில் கன்னடம் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஹொஸ்கோட்டே தாண்டி மாலூர் ரோட்டில்
இடப்பக்கம் ஒரு மண்பாதை.
சூளை மேட்டில் நின்று பார்த்தால்
ஒயிட்ஃபீல்டு அடுக்குமாடிகள்
வெயிலில் கண்ணாடி மின்ன நிற்கின்றன.
இங்கிருந்து போன கல் எதுவென்று யார் சொல்ல முடியும்.

ஏழு பேர். செங்கம் பக்கம்.

எவ்வளவு வாங்கினீங்க?
இருபத்தேழாயிரம், பெரியவனுக்குக் காலு முறிஞ்சப்ப.
எப்போ?
அந்தப் பெரிய மழைக்கு முந்தின வருசம்.
தாசில்தாரின் பேனா
தேதிக் கட்டத்தின் மேல் நின்றது நின்றபடி.

மேஸ்திரியின் நோட்டு நீல அட்டை.
அறுத்த கல், மழையில் கரைந்த கல்,
அரிசி, எண்ணெய், காய்ச்சல் மாத்திரை,
பொங்கலுக்கு ஒரு சேலை.
பழக்கதோஷத்தில் மனசுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன்.
ஒரு ரூபாய் பிசகவில்லை.
எங்கேயாவது ஒரு கூட்டல் தப்பியிருக்கலாம்,
சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு
நிம்மதியாக மூச்சு விட்டிருப்பேன்.

ஒன்பதாவது கேள்வி:
வெளியே போக உங்களுக்கு அனுமதி உண்டா?

"ஓ, போவலாமே" என்றாள் வெள்ளச்சி.
தாசில்தாரின் முகம் லேசாயிற்று.
நஸ்ரீன் என்னைப் பார்த்தாள்.
"போவலாம்மா. ஒருத்தர் இருக்கணும், அவ்ளோதான்."

ஊர்க் கூழுக்குப் போனப்ப ஏகாம்பரம் இருந்தான்.
ஏகாம்பரத்தைப் பெத்தவ செத்தப்ப
சுகுணா இருந்தா.
பதினொரு வயசு. மூணு ராத்திரி.
"கதவெல்லாம் பூட்ட மாட்டாங்க"
யாரையோ விட்டுக்கொடுக்காத குரலில் சொன்னாள்.

அதை நான் கன்னடத்தில் சொன்னேன்.
சொல்லி முடித்ததும்
சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது.

கொத்தடிமை என்ற சொல் படிவத்தில்தான் இருந்தது.
அவர்கள் முகத்துக்கு நேரே அதை
எந்த மொழியிலும் நான் எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு வேன் வந்தது.
குண்டான், பாய், ஒரு ஃபேன்,
கால் கட்டிய கோழி.
ஆறு பேர் ஏறினார்கள்.
ஏகாம்பரம் கதவோரம் இடம் விட்டு உட்கார்ந்தான்,
அந்த இடம் காலியாகவே இருந்தது.

கடன் இனி செல்லாது என்றேன்.
சரிம்மா என்றாள்.
சட்டம் என்றேன், கலெக்டர் கையெழுத்து என்றேன்.
சரிம்மா.
நின்ற இடத்திலேயே நின்றாள்,
ஒரு கை வேனின் கம்பியில்.

"எல்லாரும் ஏறிட்டா யாரு இருக்கிறது?"

என்ன சொல்கிறாள், தாசில்தார் கேட்டார்.
என்னிடம் கன்னடம் இல்லை.
தமிழும் இல்லை, இந்த ஒரு வரி தவிர:
"நீங்க ஏறுங்க. நான் இருக்கேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள்,
கைப்பையை, குதிகால் செருப்பை,
கழுத்தில் தொங்கிய அட்டையை.
"எத்தன நாளு?"
"நீங்க போய்ச் சேர்ற வரைக்கும்."

அதற்குப் பிறகுதான் ஏறினாள்.

வேன் திரும்பும்போது
ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பு நீட்டிக் கத்தினாள்:
தண்ணி மேக்கால டிரம்முல இருக்கு,
மூடி வையி, நாயி வாய வச்சிரும்,
பொழுது போனா சூளைப் பக்கம் படுக்காத,
பூச்சி வரும்.

அவர்களைக் கொண்டுவிட்டு
எனக்காக ஜீப் திரும்பி வர
ஒன்றேகால் மணி நேரம்.
நோட்டைப் பறிமுதல் செய்த பின்னும்
மேஸ்திரி பேனாவும் கையுமாக நின்றிருந்தான்.
ஒருமுறை என் பெயரைக் கேட்டான்.

டிரம்மைப் போய் மூடினேன்.